மூக்கின் மேல் ஒரு தூசி

கோவில்பட்டியில் ஒரு வீட்டு லாஃப்டில், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள், ஒரு நெகட்டிவ் குடியிருந்தது. நாலு கட்டம் உள்ள ஒரு பிலிம் துண்டு. இருபத்தேழு வருஷமாக அதே பெட்டி, அதே ஸ்டூடியோ கவர். காலி பண்ணச் சொல்லி யாரும் வந்ததில்லை. நலம் விசாரிக்கவும் யாரும் வந்ததில்லை.

அதன் மூன்றாவது கட்டத்தில் ஒரு கல்யாணப் பெண் நின்றாள். நெகட்டிவ் ஆனதால் அவளுக்கு முடி வெளுத்து, முகம் கறுத்து, சிரித்த பல் அதைவிடக் கறுத்துக் கிடந்தது. மூக்கில் மிளகை நூறாக உடைத்தால் வருமே, அந்த அளவுக்கு ஒரு கரும்புள்ளி.

அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தூசி வந்து உட்கார்ந்தது. எப்போது வந்தாய் என்று கேட்டால், நான் இங்கேயே பிறந்தவனாக்கும் என்று சொல்லும் ரகம்.

"நீயும் கறுப்பு, நானும் கறுப்பு. நீயும் பொடி, நானும் பொடி. அப்புறம் என்ன உனக்கு மட்டும் இவ்வளவு மிடுக்கு?" என்றது தூசி.

"நான் கறுப்பு இல்லை. வெளிச்சம்," என்றது புள்ளி. "இங்கே எல்லாவற்றையும் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் திருப்பி வாசிப்பார்கள்."

"வாசிக்கட்டுமே. அன்றைக்கு நானும் வெள்ளையாகத்தான் தெரிவேன்."

அது பொய் இல்லை. நெகட்டிவைப் படமாக மாற்றினால் கறுப்பெல்லாம் வெள்ளையாகிவிடும். கல் மின்னியதும் ஒரு வெள்ளைப் புள்ளி, மேலே விழுந்த தூசியும் ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குப் பிறகு புள்ளிக்கு நிம்மதி போயிற்று.

கீழே, வீட்டு மனுஷர்களுக்குள்ளும் அந்தப் புள்ளிதான் வழக்கு.

வீட்டுக்காரி பெயர் செண்பகவல்லி. படத்தில் நின்ற கல்யாணப் பெண் அவளுடைய தங்கை பூரணம். அவர்கள் அம்மாவிடம் ஒற்றைக்கல் வைர மூக்குத்தி ஒன்று இருந்தது. அம்மா போன பிறகு அது செண்பகவல்லியின் பீரோவுக்கு வந்து சேர்ந்தது. பூரணம் ஒன்று சொன்னாள்: கல்யாணத்தன்று காலையில் அம்மா தன் கையாலேயே அதை எனக்குப் போட்டுவிட்டாள், இது உனக்குத்தான் என்றாள், திருகு லூசாக இருக்கிறதே, சரி பண்ணித் தருகிறேன் என்று சாயங்காலம் கழற்றி வாங்கினாள், அதன் பின் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போய்விட்டது. செண்பகவல்லி வேறொன்று சொன்னாள்: போடவே இல்லை, நான் பக்கத்திலேயே நின்றேன், எனக்குத் தெரியாதா.

இந்த இரண்டு பேச்சில் பதினொரு வருஷம் ஓடிற்று. தீபாவளிக்குத் துணி போகும், பொங்கலுக்குக் கரும்பு வரும், பேச்சு மட்டும் இருபக்கமும் கிடையாது. செண்பகவல்லி பொய் சொல்லுகிறவள் இல்லை. ஒன்றையே சொல்லிச் சொல்லி அவளுக்கு அது கண்ணால் பார்த்ததாகவே ஆகியிருந்தது.

இப்போது பூரணத்தின் மகளுக்குக் கல்யாணம், அடுத்த மாதம். பூரணம் தன் வீட்டுக்காரர் மூலம் சேதி சொல்லி அனுப்பினாள். எங்கள் ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. நெகட்டிவ், அப்பாவின் சாமான்களோடு அக்கா வீட்டில்தான் இருக்கிறது. கல்யாணத்தன்று எனக்குச் சொந்தமாக மூக்குத்தியே கிடையாது, வெறும் தங்கக் கம்பிதான் என்று அக்காவுக்கும் தெரியும். படத்தில் என் மூக்கில் கல் இருந்தால் அது அம்மாவுடையது, என் மகளுக்குக் கொடுக்கட்டும். இல்லையென்றால் நான் பொய்க்காரி என்றே இருக்கட்டும், இனி வாய் திறக்க மாட்டேன்.

"பாத்துருவோம்," என்றாள் செண்பகவல்லி. அப்படித்தான் மிக்ஸிப் பெட்டி கீழே இறங்கியது.

பக்கத்து ஸ்டூடியோவில் கேட்டதற்கு, இப்போதெல்லாம் நெகட்டிவ் யாரும் கொண்டு வருவதில்லை, மதுரைக்கு அனுப்ப வேண்டும், பத்து நாள் ஆகும், வழியில் தொலைந்தால் பொறுப்பில்லை என்றார்கள். பொறுப்பில்லாதவர்களிடம் பூரணத்தின் மூக்கை ஒப்படைப்பானேன் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளத் தீர்மானமாயிற்று.

வீட்டில் ஏற்கனவே ஒரு ஸ்கேனர் இருந்தது. பிரிண்டரோடு ஒட்டிப் பிறந்தது. செண்பகவல்லியின் கணவர் ஆவுடையப்பன் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று ஊரில் உள்ளவர்கள் பேப்பரையெல்லாம் அந்த ஸ்கேனர் பார்த்திருந்தது. அதனால் அதற்கு ஒரு தாசில்தார் நினைப்பு.

"என் கண்ணாடி மேல் படுக்காத காகிதம் இந்தத் தெருவில் கிடையாது," என்றது அது. "படு."

நெகட்டிவ் படுத்தது. கீழிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம் அதன் வயிற்றில் அடித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிற்று.

"பேர், ஊர், ஒன்றும் தெரியவில்லை. முழுக்கக் கறுப்பு," என்றது ஸ்கேனர். "வில்லங்கம் எதுவும் இல்லை என்று சான்று வேண்டுமானால் தருகிறேன்."

"ஐயா, நான் காகிதம் இல்லை," என்றது நெகட்டிவ். "என்னை எதிரில் நின்று பார்த்தால் தெரியாது. எனக்குப் பின்னால் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும்."

"பின்னால் போய்ப் பார்ப்பது ஆபீஸ் நடைமுறை இல்லை," என்று சொல்லி ஸ்கேனர் மூடியை இறக்கிக்கொண்டது.

திரையில் கரிக்கட்டை மாதிரி ஒரு பட்டை வந்தது. ஆவுடையப்பன், இது முன்னால் அடிக்கிற வெளிச்சம், நெகட்டிவுக்கு வெளிச்சம் ஊடுருவிப் போகணும் என்று விளக்கினார். முன்னால் என்ன பின்னால் என்ன, வெளிச்சம் வெளிச்சம்தானே என்றாள் அவள்.

அதன் பிறகு அவர் மூன்று நாள் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். கடைக்குப் போனால் வெண்டைக்காயை நுனி ஒடித்து, நீளம் பார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்குகிற மனுஷர். நெகட்டிவ் ஸ்கேனர் வாங்குவதென்றால் கேட்கவா வேண்டும். எத்தனை நுணுக்கமாகப் படிக்கும், ஒரு கட்டத்துக்கு எத்தனை நிமிஷம், பிலிமை நிமிர்த்திப் பிடிக்கச் சட்டம் உண்டா, தூசியை எப்படி அடையாளம் காணும் என்று ஒவ்வொன்றாக அவளிடம் வாசித்தார். அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டாள் என்று சொல்வது மரியாதைக்கு.

"ஒரு மூக்கைப் பாக்கணும். அதுக்கு நிலம் அளக்கிற மாதிரி அளக்கீகளே," என்றாள்.

அவர் அவசரப்படாதே என்றார். அவள் அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். ஐந்து விநாடியில் ஒரு படம், தூசி கீறல் தானாகவே நீங்கும், கம்ப்யூட்டரே வேண்டாம் என்று ஒரு பெட்டியின் விளம்பரம் சொன்னது. படத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வாங்கிப்போட்டாள். ஆவுடையப்பன் மறுநாள் சாத்தூருக்குப் பஸ் ஏறி, கூட வேலை பார்த்த ஒரு சிநேகிதரிடம் சும்மா கிடந்த இன்னொரு ஸ்கேனரை இரவல் வாங்கி வந்து, துணி போட்டு மூலையில் வைத்தார். அது என்ன என்று அவள் கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார். முப்பது வருஷ இல்லறத்தில் அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை அதுதான்.

ஐந்து விநாடிப் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலம், வழவழப்பான மேனி, நெற்றியில் குட்டித் திரை. பிரித்த உடனேயே பேச ஆரம்பித்துவிட்டது.

"வாங்க வாங்க. உட்காருங்க. நீங்க ஒன்றும் செய்ய வேண்டாம். எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்."

இதற்குள் செண்பகவல்லி நெகட்டிவை எடுத்து முந்தானையால் ஒரு துடை துடைக்கப் போனாள். ஆவுடையப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். துணி பட்டால் கீறிவிடும், கீறினால் அப்புறம் மூக்கே இருக்காது என்றார். ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, அமுக்கினால் காற்று விடும் ஒரு ரப்பர் பந்தால் மெதுவாக ஊதினார். மேலோட்டமாக உட்கார்ந்திருந்த தூசியெல்லாம் எழுந்து போயிற்று. மூக்குப் பக்கத்தில் இருந்த தூசி மட்டும் நகரவில்லை. பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் பார்த்து, ஒட்டி, ஊறிப்போனது. ஓரத்தில் அச்சடித்த எண்கள் நேராக வாசிக்க வருகிறதா என்று பார்த்து, பளபளப்பான பக்கத்தை மேலே வைத்து, நெகட்டிவைப் பெட்டிக்குள் நகர்த்தினார். திருப்பிப் போட்டால் இடது வலதாகிவிடும் என்று அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. இந்த முறை முதுகுக்குப் பின்னால். நெகட்டிவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக யாரோ அதைத் திருப்பி வாசிக்கிறார்கள்.

"ஆகா, லட்சணமான பெண்," என்றது பெட்டி. "முகத்தில்தான் இரண்டு தூசி. இதோ துடைத்துவிடுகிறேன்."

"ஒன்றுதான் தூசி," என்றது நெகட்டிவ். "மற்றது கல்."

"வெள்ளையாக இருக்கிறது, சின்னதாக இருக்கிறது, தனியாக இருக்கிறது. இப்படி இருந்தால் தூசி என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்."

"கொஞ்சம் நின்று பார்த்தால்..."

"நிற்கவா? எனக்கு மொத்தமே ஐந்து விநாடி," என்றது பெட்டி. கெட்ட எண்ணம் எதுவும் அதற்கில்லை. வந்தவர்களைச் சுத்தமாக அனுப்பி வைப்பது ஒன்றே அதற்குத் தெரிந்த உபசாரம். பூரணத்தின் மூக்கைச் சுற்றியிருந்த கன்னத்து நிறத்தை இரண்டு சிட்டிகை எடுத்து, இரண்டு புள்ளியின் மேலும் பூசி மெழுகிவிட்டது.

தூசி சிரித்தது. "நான் போனேன். நீயும் கூடத்தான் வந்தாய்," என்றது புள்ளியிடம்.

படத்தை ஆவுடையப்பன் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாகப் போட்டார். மண்டபத்துத் தோரணம், பச்சைப் பட்டு, மாலை, பூரணத்தின் சிரிப்பு, எல்லாம் பளிச்சென்று இருந்தது. மூக்கு மொழுக்கென்று இருந்தது.

செண்பகவல்லி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பதினொரு வருஷமாகச் சொன்னேனே, ஒருத்தராவது நம்பினீகளா என்று ஆரம்பித்தாள். அம்மா மேல் பழி, என் மேல் பழி, இருந்திருந்து நல்ல மெஷினாகப் பார்த்து வாங்கினேன், இல்லாவிட்டால் இன்னும் வெண்டைக்காய் ஒடித்துக்கொண்டிருப்பீக என்று ஒரு சுற்று வந்தாள்.

"பூரணம் வீட்டுக்காரருக்கு இப்பவே அனுப்புங்க."

"இரு, முழுசாப் பாத்துக்கிடுதேன்," என்றார் அவர்.

"இன்னும் என்ன பாக்க இருக்கு. கண்ணாடி மாதிரி தெரியுதே."

அவர் படத்தை ஒரு மூலையிலிருந்து நகர்த்தினார். சர்வேயர் புத்தி. நாலு எல்லையையும் மிதிக்காமல் விட மாட்டார். தோரணம் நகர்ந்தது, ஒரு குத்துவிளக்கு நகர்ந்தது, மணப்பெண்ணின் தோள் நகர்ந்தது, அந்தத் தோளை ஒட்டி நின்ற இன்னொரு முகம் வந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய செண்பகவல்லி.

"நிறுத்துங்க," என்றாள் இந்தக் காலத்துச் செண்பகவல்லி.

நிறுத்தினார்.

அவள் திரைக்குக் கிட்டே போனாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், இறக்கினாள். அவளுக்கு ஏழு வயதில் மூக்கு குத்தியது. கான்வென்ட்டில் சிஸ்டர் வாரம் ஒரு தடவை கழற்றச் சொல்லுவார். வாரம் ஒரு தடவை முட்டி போட்டு நின்றாளே தவிர, கழற்றியதில்லை. குளிக்கும்போது, பிரசவத்தின்போது, எப்போதும் அது மூக்கில்தான். படத்தில் அந்த மூக்கும் மொழுக்கென்று இருந்தது.

"என் மூக்குத்தி எங்க?"

ஆவுடையப்பன் திரைப்பக்கம் குனிந்து பார்த்தார்.

"அன்னைக்கு உனக்கும் போடலையோ என்னவோ," என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. தங்கையின் மூக்கு வெறுமையாக இருந்தவரைக்கும் அது உலகத்திலேயே நல்ல மெஷின். தன் மூக்கு வெறுமையான கணத்தில் அது திருட்டு மெஷின். இந்த இரண்டையும் ஒரே வாய் சொல்ல முடியாது என்பது அவளுக்கே உறைத்தது. துடைப்பதை நிறுத்தச் சொல்லி எடுக்க முடியாதா என்று கேட்டாள். இதில் அதற்கு வழி இல்லை என்றார் அவர்.

இப்போதும் ஒரு வழி இருந்தது. தன்னை வெட்டிவிட்டு, பூரணத்தை மட்டும் அனுப்பலாம். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் எழுந்து அடுக்களைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு டம்ளரை எடுத்து அதே இடத்தில் வைத்தாள், திரும்பி வந்தாள்.

"மூலையில வச்சிருக்கீகளே, அதை எடுங்க," என்றாள்.

அவர் துணியை விலக்கினார். சாத்தூர் ஸ்கேனர் கனமாக, சதுரமாக, அழகு என்று சொல்ல எதுவும் இல்லாமல் இருந்தது. சூடாகவே இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டது. பிலிமைச் சட்டத்தில் அடைத்து உள்ளே விட்டதும், உருளை ஒன்று அதை அரிசி மூட்டை இறக்குகிற மாதிரி நிதானமாக வாங்கிக்கொண்டது.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டது நெகட்டிவ். அதற்கும் அந்த வீட்டுக் காற்று ஒட்டியிருந்தது.

"எட்டு நிமிஷம்."

"என் முகத்தில் இரண்டு புள்ளி இருக்கிறது. ஒன்று தூசி, ஒன்று கல். நான் சொன்னால் யாரும் நம்பவில்லை."

"நீ சொல்லவே வேண்டாம்," என்றது ஸ்கேனர். "எனக்கு இரண்டு விளக்கு. முதலாவது எல்லாரிடமும் இருப்பதுதான். அதன் வெளிச்சத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் இருக்கிறீர்கள். நானும் ஏமாந்துதான் போவேன்."

"இரண்டாவது?"

"அது மனுஷர் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். உனக்குள் ஊறின சாயம் அதைத் தடுக்காது, உள்ளே விட்டுவிடும். மேலே வந்து ஒட்டினது மட்டும் மறித்துக்கொண்டு நிற்கும். எது மறிக்கிறதோ அது தூசி."

"அப்படியென்றால் இரண்டு தடவை பார்ப்பாயா?"

"அதற்குத்தான் எட்டு நிமிஷம்."

வெளியே செண்பகவல்லி எட்டு நிமிஷமும் உட்காரவில்லை. இதற்குள் ஒரு படி பால் பொங்கி, அடுப்பில் வழிந்து, துடைத்தும் வைத்திருக்கலாம் என்றாள். ஆவுடையப்பன் இருக்கட்டும் என்றார். ஜன்னல் கதவைச் சாத்தினாள், திறந்தாள். அம்மாவுக்குப் போடுகிற உத்தேசம் இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாளே என்றாள். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில்தானே நின்றேன் என்றாள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதில் வராத கேள்வி திரும்பித் தன்னிடமே வரும் என்று தெரியாதவள் இல்லை அவள். பழக்கம் இல்லாதவள்.

உள்ளே முதல் விளக்கு போயிற்று. இரண்டாவது விளக்கு வந்தது.

நெகட்டிவுக்கு எதுவுமே தெரியவில்லை, லேசாக ஒரு கதகதப்பு மட்டும். அந்த வெளிச்சம் பச்சைப் பட்டுக்குள் புகுந்து போயிற்று, மாலைக்குள் போயிற்று, சிரிப்புக்குள் போயிற்று, மூக்கில் இருந்த புள்ளிக்குள்ளும் கதவு திறந்திருந்த வீடு மாதிரி நுழைந்து போயிற்று. தூசியிடம் வந்து முட்டி நின்றது. தூசி தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் நிழலைப் பார்த்தது.

"இங்கேயே பிறந்ததாகச் சொன்னாயாமே," என்றது ஸ்கேனர்.

"ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. பிறந்த மாதிரிதான்," என்றது தூசி.

ஸ்கேனர் அதைத் திட்டவில்லை. அது நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கோட்டுக்கு நகர்ந்தது.

படம் திரையில் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பட்டையாக இறங்கியது. முதலில் தோரணம். பிறகு பூரணத்தின் நெற்றிச்சுட்டி, புருவம், கண். மூக்கு வர இன்னும் இரண்டு பட்டை இருக்கும்போது செண்பகவல்லி உட்கார்ந்தாள்.

கல் இருந்தது. கேமரா விளக்கு பட்டு, ஊசி குத்தின இடத்தில் ஒரு சொட்டு வெளிச்சம் நிற்கிற மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த தூசியைக் காணோம். அடுத்த முகத்தில் செண்பகவல்லியின் மூக்குத்தியும் இருந்தது. இரண்டு கல்லுக்கும் நடுவில் ஒரு முழ தூரம்கூட இல்லை. பூரணம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா முகம் குனிந்து கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் அந்த இடத்தை இன்னும் பெரிதாக்கப் போனார். வேண்டாம் என்றாள். அனுப்பிவிடவா என்று கேட்டார். அதற்கும் வேண்டாம் என்றாள். போனை அவளே எடுத்தாள். பூரணத்தின் எண் அதில் இருந்தது. பதினொரு வருஷத்தில் இரண்டு போன் மாற்றியிருந்தாள், இரண்டு தடவையும் அந்த எண்ணை மறக்காமல் ஏற்றியிருந்தாள். அது ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

மூன்றாவது மணியில் எடுத்தாள் பூரணம். குரலில் பதற்றம்.

"யாருக்கு என்னக்கா ஆச்சு?"

இந்த எண்ணிலிருந்து சாவுச் செய்தி தவிர வேறொன்றும் வராது என்று அவள் நினைத்திருந்தது அதிலேயே தெரிந்தது. செண்பகவல்லி அதையும் கேட்டுக்கொண்டாள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. போட்டோ வந்துட்டு."

கல் இருக்கிறதா என்று பூரணம் கேட்கமாட்டாள். அவளுக்குத் தெரிந்ததை அவள் எதற்குக் கேட்க வேண்டும்.

"நீ போட்டிருக்கட்டி," என்றாள் செண்பகவல்லி. "அம்மா மூக்குத்திதான். நல்லாத் தெரியுது. பிள்ளைக்கு நானே கொண்டாந்து போட்டுவிடுதேன்."

பூரணம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. செண்பகவல்லிக்கு அழுகிறவர்களைச் சமாதானம் பண்ண வராது. தனக்கு வருகிறதை மட்டும் செய்தாள், கேள்வி கேட்டாள்.

"நானும் பக்கத்துலதான் நிக்கேன். கைக்கு எட்டுத தூரம். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"அன்னைக்கு நீ என் முகத்தை எங்க பாத்தக்கா," என்றாள் பூரணம். குரலில் கோபம் இல்லை. ஆறிப்போன காப்பியைப் பற்றிச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். "விடிஞ்சதுல இருந்து எனக்கு நீ கட்டிவிட்ட சேலைக் கொசுவத்தைத்தான பாத்துக்கிட்டு இருந்த. கோணலாக் கட்டிட்டேன், கோணலாக் கட்டிட்டேன்னு."

செண்பகவல்லி போனைக் காதில் வைத்தபடியே திரையைப் பார்த்தாள். படம் கீழ்ப்பட்டை வரைக்கும் இறங்கி முடிந்திருந்தது. பச்சைப் பட்டின் மடிப்புகள் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருந்தன. அவள் ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

"கொசுவம் நேராத்தாம்ட்டி இருக்கு," என்றாள்.